எட்டாம் மதகுக்கு நேரே எழுதியது

செவ்வாய்க்கிழமை காலை உன் கோப்பைத் திறந்தார்கள். நான் திறக்கவில்லை, மதிப்பீட்டுக்கு வந்த பிள்ளைதான் திறந்தாள். நாடாவை அவிழ்த்ததும் காய்ந்த வேப்பிலை பொடிப்பொடியாக மேசையில் கொட்டியது. கறையானுக்கென்று ஒவ்வொரு கோப்பிலும் ஒரு கொத்து வைப்பாயே, அதுதான். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்தக் கசப்பு மணம் போகவில்லை. அந்தப் பிள்ளை தும்மினாள். நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து வெளியே போய்விட்டேன்.

உனக்கு இப்படியொரு கடிதம் எழுதுவேன் என்று நினைத்ததில்லை. நீ இருந்த காலத்தில் ஒரு துண்டுக் கடதாசியில் "தேத்தண்ணிக்கு வா" என்று எழுதியதற்கு மேல் நான் உனக்கு எதுவும் எழுதியதில்லை. ஒரே அறையில், எதிரெதிர் மேசைகளில் பதினாறு வருடங்கள் இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு?

வந்தவர்கள் எதற்கு வந்தார்கள் என்று கேட்பாய். வீதிகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் அரசாங்கக் கந்தோர்கள் அவற்றை எவ்வளவு ஒழுங்காகப் பார்த்துக்கொள்கின்றன என்று மதிப்பிட வந்தார்கள். உங்களிடம் எத்தனை வீதி, எத்தனை மதகு இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியுமா? ஒவ்வொன்றும் என்ன நிலையில் இருக்கிறதென்று தெரியுமா? வருடாவருடம் போய்ப் பார்க்கிறீர்களா? பார்த்ததை வைத்துத்தான் எதை முதலில் திருத்துவதென்று தீர்மானிக்கிறீர்களா? ஒவ்வொரு கேள்விக்கும் புள்ளி உண்டு. நீ இருந்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய். "எங்கடை வீட்டுக் கூரையிலை எத்தினை ஓட்டை எண்டு தெரியாத எங்களிட்டை றோட்டுகளைத் தந்திருக்கிறாங்கள்" என்று நீ சொல்லும் குரல் அந்த அறையில் எனக்கு மட்டும் கேட்டது. அடிக்கடி கேட்கிறது. யாரிடமும் சொல்வதில்லை.

நம் இருவரையும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் என்று ஒரே கிழமையில்தான் அந்தக் கந்தோருக்கு அனுப்பினார்கள். உரும்பிராய்ப் பக்கம் உனக்கு, இணுவில் பக்கம் எனக்கு. மாரி தொடங்குவதற்கு முன்னர் அவரவர் பகுதியில் வீதிக்குக் கீழே வெள்ளம் கடக்கும் மதகுகளைப் போய்ப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் நேரே நல்லது, சுமார், மோசம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே எழுதி முடிப்பார்கள். நீ சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, உள்ளே உன் தம்பியின் பழைய காற்சட்டையோடு, கையில் இரும்பு அலவாங்குடன் மதகுக்குள் இறங்கிவிடுவாய். குனிந்து உள்ளே போய், மேலே கிடக்கும் கொங்கிறீற்றுப் பலகையின் அடிப்பக்கத்தைத் தட்டித் தட்டிக் கேட்பாய். வெளியே வரும்போது தலை நிறையச் சிலந்திவலை.

வேறொருவருக்கு உதவியாக அளவெட்டியில் ஒருநாள் நாம் இரண்டு பேரும் அப்படி இறங்கி நின்றபோது ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தினார்.

"பொம்பிளையள் உதுக்குள்ளை என்னத்தைத் தேடுறியள்? சங்கிலி கிங்கிலி விழுந்திட்டுதோ?"

"இல்லை அப்பு. உங்கடை றோட்டு விழப்போகுது. எப்ப விழும் எண்டு பாக்கிறம்" என்றாய்.

மனிதர் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் மதகைக் கடந்தார். எவ்வளவு சிரித்தோம். அந்தப் பெரியவரை இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

நம் கந்தோரில் ஒரு வழக்கம் இருந்ததே, மேற்படி போடுவது. போன வருடத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பார்க்க முடியாமற்போன மதகுக்கு நேரே "மேற்படி" என்று எழுதிவிடுவார்கள். போன வருடம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது என்று பொருள். பார்க்க முடியாமற்போவதற்கு நம் சனமும் காரணம். பழைய தாருக்கு மேலே புதுத் தாரென்று போட்டுப் போட்டு வீதிகள் உயர்ந்தன, வீட்டு வளவுகள் பள்ளமாகிவிட்டன. எதிர்ப்பக்கத்து வெள்ளம் மதகு வழியாகத் தங்கள் வளவுக்குள் வருகிறதென்று சனம் மதகின் வாயை மண்மூட்டையால் அடைத்தது. சிலர் அதற்கு மேல் கொங்கிறீற்றைக் கொட்டி, கேற்றுக்கு ஏறுபாதையும் கட்டிக்கொண்டார்கள். உள்ளே பலகை இருக்கிறதா, உதிர்ந்துவிட்டதா என்று யாருக்குத் தெரியும்?

நீ மூட்டையை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாய். வீட்டுக்காரர் கத்திக்கொண்டு வந்தால், "நீங்கள் ஏசுங்கோ அண்ணை, நான் அதுக்கிடையிலை பாத்து முடிச்சிடுறன்" என்பாய். மூட்டை அசையாவிட்டால் தாளில் "பார்க்கவில்லை" என்று எழுதுவாய். மேலிடத்தில் அதற்கு எத்தனை தரம் பேச்சு வாங்கினாய்! "பாக்காததைப் பாக்கேல்லை எண்டு எழுதினால் ஒருத்தரும் சாகமாட்டினம்" என்பாய். அதன் மறுபக்கத்தை நீ சொன்னதில்லை, எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அந்த வருடம் புரட்டாதியில் உன் மகளுக்கு உடம்பெல்லாம் கொப்புளமாக அம்மாள் வருத்தம் வந்தது. இரண்டு நாளில் உனக்கும். படலையில் வேப்பிலை கட்டியாயிற்று, யாரும் போகக்கூடாது, வீட்டிலிருந்து ஒன்றும் வெளியே வரவும் கூடாது. தாள் வெள்ளிக்கிழமை போக வேண்டும். நீ தொலைபேசியில் கூப்பிட்டாய், குரல் காய்ச்சலில் கரகரத்தது.

"எல்லாம் பாத்து எழுதி மேசைக்குள்ளை வைச்சிட்டன். எட்டாம் மதகு மட்டுந்தான் மிச்சம். வீட்டடி மதகுதானே, கடைசியாப் பாப்பம் எண்டு விட்டது பிழையாப் போச்சு. எடி, அதை இறங்கிப் பார். போன மாரியிலை லாண்ட் மாஸ்டர் உழவு மிசின் ஒண்டு போகேக்குள்ளை உள்ளுக்கை ஒரு சத்தம் கேட்டது. எனக்கு அது பிடிக்கேல்லை."

"ஓமடி, பாக்கிறன். கையெழுத்துக்கு என்ன செய்யிறது?"

"அம்மாள் வந்த வீட்டுக் கடதாசியைக் கந்தோருக்குள்ளை ஆர் எடுக்கப்போகினம்? நீயே என்ரை பேரிலை போட்டுவிடு."

வெள்ளிக்கிழமை காலை போனேன். அங்கிருந்து நேரே இணுவிலில் ஒரு கலியாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. பெரியம்மாவின் பேத்திக்குத் தாலிகட்டு. பட்டுச்சேலையோடுதான் போனேன். எட்டாம் மதகின் ஒரு பக்கம் மண்மூட்டை, மறுபக்கம் புதிதாகக் கட்டிய ஏறுபாதை. மழை தூறிக்கொண்டிருந்தது. ஏறுபாதை கட்டிய வீட்டுக்காரர் கேற்றில் சாய்ந்து நின்று, "உதிலை ஒண்டுமில்லைப் பிள்ளை. போன வருசமும் அந்த அம்மா வந்து பாத்திட்டுத்தானே போனவ" என்றார். நான் சேலையைப் பார்த்தேன், மணிக்கூட்டைப் பார்த்தேன். வீதியில் நின்றபடி காலால் ஒருமுறை உதைத்துப் பார்த்தேன். இதைப் போன செவ்வாய் வரை நான் யாரிடமும் சொன்னதில்லை. காலால் உதைத்தேன், அவ்வளவுதான் நான் செய்த சோதனை.

ஸ்கூட்டரில் இருந்தபடியே எட்டாம் மதகுக்கு நேரே "மேற்படி" என்று எழுதினேன். கீழே உன் கையெழுத்தைப் போட்டேன். உன் முதலெழுத்தின் சுழி எனக்கு நன்றாக வரும். முன்பு விளையாட்டுக்குப் பழகியது. தாலிகட்டுக்கு நேரத்துக்குப் போய்விட்டேன். பாயாசம்கூட இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை, பீற்றூட் மூட்டைகளோடு சந்தைக்குப் போன லாண்ட் மாஸ்டர் அந்த மதகில் இறங்கியது. பலகை நடுவில் முறிந்து, இயந்திரத்தின் முன்பக்கம் உள்ளே போய்விட்டது. ஓட்டிய தோட்டக்காரரின் இடதுகால் அடியில் அகப்பட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் உங்கள் தோட்டக் கிணற்றில் பங்குள்ளவர். உன் வீட்டுக்காரரும் அவரும் முறைவைத்து அதே கிணற்றில் தண்ணீர் இறைப்பவர்கள்.

விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். அறையை மறித்த பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் அவர்கள் முன் நீ இருந்தாய், இந்தப் பக்கம் நான்.

"எட்டாம் மதகுக்குள்ளை நீங்கள் இறங்கிப் பாத்தனீங்களோ?"

"இல்லை."

"அப்ப இந்தக் கையெழுத்து?"

"என்ரை பேர்தான் கிடக்கு."

நீ ஒரு பொய்யும் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. லீவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்திருந்தால் நீ அந்தக் கிழமை கந்தோரிலேயே இல்லை என்று தெரிந்திருக்கும். அதை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. எடுத்தால் ஒருவருக்காக ஒருவர் போட்ட எல்லாக் கையெழுத்துகளும் சந்திக்கு வந்திருக்கும். நானாவது எழுந்து போயிருக்கலாம். நாலடி தூரம். கையில் இருந்த கோப்பின் தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் சைக்கிள் கொட்டிலில் வைத்து, "நான் போய்ச் சொல்லுறன்" என்றேன்.

"விசரி, பேசாமல் இரு. போடச் சொன்னது நான்தானே? உன்ரை மனிசன் இல்லாத வீடு. உன்னை வன்னிக்கு மாத்தினால் அந்தப் பிள்ளையள் ரெண்டையும் ஆர் பாக்கிறது? எனக்கு இவர் இருக்கிறார்."

ஒருமுறைதான் கேட்டேன். இரண்டாம் முறை கேட்டால் நீ சரியென்று சொல்லிவிடுவாயோ என்று பயந்து கேட்கவில்லை. தண்டனையாக உன்னை வன்னிக்கு அனுப்பினார்கள். திங்கள் விடிய பஸ் ஏறி வெள்ளி பின்னேரம் திரும்பினாய். உன் மேசையில் புதிதாக ஒருவர் வந்து இருந்தார். மதகுகளில் எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான். எங்கே போனாலும் மதகு வரும் இடத்தில் ஸ்கூட்டரின் வேகம் தானாகக் குறையும். காலுக்குக் கீழே யாரோ அலவாங்கால் தட்டுவதுபோல இருக்கும். இறங்கிப் பார்ப்பேன், உள்ளே தண்ணீர் போய்க்கொண்டிருக்கும், வேறொன்றும் இராது. அன்றிலிருந்து என் பகுதியில் நான் இறங்காத மதகு இல்லை. அது உனக்குச் செய்யும் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது வெறும் பயம்.

உனக்கு வந்த வருத்தத்தை டொக்டரிடம் காட்டப் பிந்திவிட்டாய். வன்னியில் தனியே இருந்தபோது யார் உன்னை வற்புறுத்தி ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போவார்கள்? கடைசியாக வந்து பார்த்தபோது கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாய். எல்லாவற்றையும் சொல்லி அழ வேண்டும் என்றுதான் வந்தேன். நீ முந்திக்கொண்டாய்.

"எட்டாம் மதகைப் புதுசாக் கட்டிட்டாங்களோ?"

"ஓம்."

"ரெண்டு வாயும் திறந்து கிடக்கோ?"

"ஓம்."

"பிறகென்ன" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாய். நான் கொண்டுபோன தோடம்பழத்தை உரித்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது அந்தப் பிள்ளை உன் தாளை மேசையில் விரித்து வைத்திருந்தாள். சாவகச்சேரிப் பிள்ளை, பொறியியல் படித்தவள், கெட்டிக்காரி. முகமெல்லாம் மலர்ச்சி.

"அம்மா, நாங்கள் பாத்த கந்தோருகளுக்குள்ளை உங்கடைதான் திறம். ஒரு கட்டமும் வெறுமையாக் கிடக்கேல்லை. கையெழுத்து, திகதி எல்லாம் இருக்கு. உதுக்கு முழுப் புள்ளி."

அவளுடைய விரல் எட்டாவது வரிக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு மனிதனின் காலை எடுத்த தாளுக்கு, உன்னை ஊர் கடத்திய தாளுக்கு முழுப் புள்ளி. எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததென்று தெரியாது. அந்தப் பிள்ளைமேல் இல்லை.

"பிள்ளை, எட்டாம் மதகை ஒருத்தரும் பாக்கேல்லை."

"மேற்படி எண்டு எழுதியிருக்கே, அம்மா?"

"அது என்ரை எழுத்து. கீழை கிடக்கிற கையெழுத்தும் நான் போட்டது. அந்தப் பேருக்குரியவ அண்டைக்கு அம்மாள் வருத்தத்திலை வீட்டிலை கிடந்தவ."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "நாங்கள் ஆளிலை பிழை பிடிக்க வரேல்லை அம்மா. கந்தோர் எப்பிடி வேலை செய்யுது எண்டுதான் பாக்கிறம். நீங்கள் சொல்லுறதை நான் எழுதினால் அலுமாரியிலை கிடக்கிற எல்லாத் தாளையும் நம்பேலாமல் போகும்."

"நம்பாதேங்கோ" என்றேன்.

வெள்ளைத் தாள் ஒன்று வாங்கி நடந்ததை எழுதினேன். பட்டுச்சேலையையும் எழுதினேன், காலால் உதைத்ததையும் எழுதினேன். என் சொந்தப் பெயரில் கையெழுத்திட்டேன். மத்தியானம் மேலதிகாரி கூப்பிட்டார். "ஓய்வு பெற இன்னும் ரெண்டு வருசம் கிடக்கேக்குள்ளை உங்களுக்கு என்னத்துக்கு இந்த வேலை? மேற்படி எழுதாத ஆள் இந்தக் கந்தோரிலை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தி இருந்தவ" என்றேன்.

விளக்கம் கேட்டுக் கடிதம் தந்திருக்கிறார்கள். அது கிடக்கட்டும். கந்தோரை விட்டு வெளியே வரும்போது எனக்குத் தேர் இழுத்து முடித்ததுபோல உடம்பு லேசாக இருந்தது. உன் பெயரை மீட்டுவிட்டேன் என்று நினைத்தேன். உன் வீட்டுக்காரர் ஊர்ச்சனத்தின் வாயால் கேட்கக்கூடாது, நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று சனிக்கிழமை காலை போனேன்.

அண்ணை தோட்டத்தில் நின்றார். வரம்பை வெட்டிப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கைகாலைக் கழுவிக்கொண்டு வந்து, கொட்டிலில் கிடந்த பிளாஸ்ரிக் கதிரையைத் துடைத்துப் போட்டார். "இருங்கோ தங்கச்சி. கனகாலம் இந்தப் பக்கம் காணேல்லை." மெலிந்துவிட்டார். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் கிணற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர்ப் பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப இறைக்கிறது ஆரின்ரை முறை தெரியுமே?" என்றார் கடைசியில்.

எனக்குத் தெரியவில்லை.

"அவரின்ரை. கால் இல்லாதவரின்ரை. அந்த நாளிலை இருந்து அவரின்ரை முறைக்கும் நான்தான் இறைச்சுக் குடுக்கிறன். அவர் கேக்கேல்லை. என்ரை வீட்டுக்காரியின்ரை பிழை எண்டு நானாத்தான் செய்யிறன்."

நான் வாய்க்காலில் ஓடிய தண்ணீரைப் பார்த்தேன்.

"வெள்ளிக்கு வெள்ளி வன்னியிலை இருந்து வருவா. நான் கதைக்கிறேல்லை, தங்கச்சி. சோறு போடுவா, சாப்பிட்டிட்டு எழும்பிப் போவன். வீட்டடி மதகைப் பாக்கேலாத உனக்கு என்னத்துக்கு இந்த உத்தியோகம் எண்டு ஒருநாள் கேட்டன். அதுதான் கடைசி. ஒரு வருசம். வருத்தம் எண்டு தெரிஞ்சாப் பிறகுதான் திருப்பிக் கதைச்சனான். ஏன் பாக்கேல்லை எண்டு அப்பவும் கேட்டன். 'ஏலாமல் போச்சு' எண்டவ. ஒருக்காலும் உங்கடை பேரைச் சொல்லேல்லை."

நீ "எனக்கு இவர் இருக்கிறார்" என்று சொன்ன அந்தப் பின்னேரம் என் முன்னால் வந்து நின்றது. உனக்கு அவரும் இருக்கவில்லை. அதையும் நான்தான் எடுத்திருக்கிறேன், இத்தனை காலமும் அதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

அவர் எழுந்து மண்வெட்டியை எடுத்தார். அடுத்த வரம்புக்குத் தண்ணீர் மாற வேண்டிய நேரம். இரண்டடி போய் நின்று, திரும்பாமலே கேட்டார்.

"நான் பிழையாக் கதைச்சிட்டன் எண்டு இப்ப ஆருக்குத் தங்கச்சி சொல்லுறது?"

கோபமில்லை, அழுகையுமில்லை. உண்மையிலேயே வழி கேட்பதுபோலக் கேட்டார். நான் படலையைத் திறந்துகொண்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். என்னிடமிருந்து இறங்கவில்லை, அவர் தலையிலும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. உன்மேல் தனக்கு வந்த கோபம் நியாயமானது என்ற ஒரு ஆறுதல் அவருக்கு இருந்தது. சனிக்கிழமை காலை அதையும் நான் பறித்துவிட்டேன்.

நேற்று முழுவதும் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்குள் திரிந்தது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் என்னை எழுதச் சொல்லவில்லை, ஆனால் வேறு யார் எழுதுவார்கள்? எடி, அண்ணை உன்னைப் பிழையாகக் கதைத்துவிட்டாராம். அந்த ஒரு வருடத்தையும் இப்போது நினைத்துப் பார்க்க அவரால் முடியவில்லை.

அவருடையதைச் சொல்லிவிட்டேன். என்னுடையதைச் சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.